சூடு ஆறாத லத்தி

காலை ஆறு மணிக்கு மசினகுடியில் வாயைத் திறந்தால் புகை வருகிறது. தை மாதக் குளிர். டீக்கடையில் பன் பொட்டலம் ஒன்றைக் கட்டி வாங்கிக்கொண்டு வனத்துறை ஜீப்பில் ஏறினோம். ஓட்டுநர், வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இருவர், யானைகளின் மரபணுவை ஆராயும் இளம்பெண் ஒருவர், எழுத வந்த நான். சிங்காரா சாலையில் கொஞ்ச தூரம் போனதும் ஜீப் நின்றது. அதற்குமேல் நடைதான்.

காவலர்களில் மூத்தவர் இருளர். ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். இறங்கியதும் ஒரு பிடி பொடிமண்ணை எடுத்து விரலிடுக்கில் விட்டுப் பார்த்தார். மண் எங்கள் முகத்துப் பக்கம் பறந்தது. "காத்து எதுக்க வருது. நல்லதுதான், நம்ம வாசம் ஆனைக்குப் போவாது" என்றார். அன்று முழுக்க அவர் வாயிலிருந்து 'யானை' என்ற சொல் வரவே இல்லை. இந்தப் பக்கத்தில் அது ஆனைதான்.

நாங்கள் தேடிப் போனது ஆனையை இல்லை, ஆனையின் லத்தியை. இந்தியாவில் எத்தனை காட்டு யானைகள் இருக்கின்றன என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்வது அதுதான். 2021 முதல் 2025 வரை நாடு முழுக்கக் காட்டுக்குள் நடந்து சேகரித்த 21,056 லத்தி மாதிரிகளிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, 4,065 தனித்தனி யானைகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். அதை வைத்து நாட்டின் மொத்த யானைகள் 22,446 என்று மதிப்பிட்டு 2025 அக்டோபரில் வெளியிட்டார்கள். ஒரு யானையைக்கூடக் கண்ணால் பார்க்காமல் யானையைக் கணக்கிடுவது எப்படி என்று பார்க்கத்தான் நான் வந்திருந்தேன்.

இருநூறு அடி நடப்பதற்குள் முதல் குவியல் கிடைத்துவிட்டது. ஒற்றையடிப் பாதையின் ஓரத்தில் ஆறு உருண்டைகள். பெரியவர் குந்தி உட்கார்ந்து, குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோல் புறங்கையை அதன்மேல் ஒட்டிவைத்தார்.

"சூடு இருக்குது பாப்பா. ஒரு மணி நேரம்கூட ஆயிருக்காது."

"மேல மினுமினுப்பு இருக்காண்ணா?"

"இருக்குது, இருக்குது. பாத்தாலே தெரியுதே."

அந்த மினுமினுப்புதான் விஷயம். யானை ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோ அளவுக்குத் தின்கிறது. அதில் பாதிகூடச் செரிப்பதில்லை. மீதி நாரும் பட்டையும் கொட்டையுமாக வெளியே வருகிறது. ஆனால் குடல் வழியே நகர்ந்து வரும்போது, குடலின் உட்சுவரிலிருந்து உதிரும் செல்கள் சளிப்படலத்தோடு சேர்ந்து உருண்டையின் மேல்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. உள்ளே இருப்பதெல்லாம் காடு. மேலே மெல்லிசாகப் பூசியிருப்பதுதான் யானை.

அந்தப் பூச்சை எடுப்பது பொறுமையான வேலை. ஆய்வாளர் முகக்கவசம் போட்டுக்கொண்டார். புதுக் கையுறை. காது குடையும் பஞ்சுக்குச்சி போன்ற, அதைவிட நீளமான குச்சியால் உருண்டையின் மேல்தோலை மட்டும் மெதுவாகத் துடைத்தார். மண்ணில் படாத பக்கம், நிழல் பக்கம். குச்சியின் நுனியை ஒரு சின்னக் குப்பியில் இருந்த கரைசலுக்குள் விட்டு மூடினார். டிஎன்ஏவைச் சிதைக்கிற நொதிகளின் கையைக் கட்டிப்போடுவது அந்தக் கரைசலின் வேலை. பிறகு குப்பியில் எண், தேதி, ஜிபிஎஸ் புள்ளி. டேப்பை எடுத்துப் பெரிய உருண்டையின் சுற்றளவை அளந்தார். பெரிய யானைக்குப் பெரிய உருண்டை. வயதை மதிப்பிட அது ஒரு வழி. எல்லாம் முடிந்ததும் கையுறையைக் கழற்றித் தனிப் பையில் போட்டார். ஒரு குவியலுக்கு ஒரு ஜோடி. ஒன்றின் துளி இன்னொன்றில் கலந்தால், காட்டில் இல்லாத யானை ஒன்று கணினியில் பிறந்துவிடும்.

அவர் அளந்துகொண்டிருக்கும்போதே பெரியவர் வேறொரு உருண்டையைக் குச்சியால் பிளந்து வாசித்துக்கொண்டிருந்தார். வாசித்தார் என்பதைத் தவிர வேறு சொல் எனக்குத் தோன்றவில்லை. உள்ளே மூங்கில் சிம்பு, பட்டை நார், நாலைந்து புளியங்கொட்டை. "நாரு நீளமா இருக்குது பாருங்க. நல்லா அரைபடல. வயசாளி. பல்லு தேஞ்சுபோச்சு." கைவைத்துப் பார்த்தேன். கயிறு திரிக்கலாம்போல் இருந்தது. முகர்ந்தும் பார்த்தேன். நாற்றமே இல்லை. மழையில் நனைந்து காய்ந்த வைக்கோல்போரின் வாசம்.

சேகரிக்கும் வேலை கடிகாரத்தோடு போட்டி. வெயில் ஏற ஏற மேல்படலம் காய்ந்து வெடிக்கும். சூரிய ஒளி டிஎன்ஏ இழையைத் துண்டாடும். மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். இவற்றுக்கெல்லாம் முன்னால் சாணி வண்டுகள் வந்துவிடும். நாங்கள் நின்றிருந்தபோதே மூன்று வண்டுகள் இறங்கி வேலையை ஆரம்பித்துவிட்டன. "இவங்களுக்கு முன்னாடி நாம வரணும். அதனாலதான் இவ்வளவு காலையில" என்றார் ஆய்வாளர்.

புலியை எண்ணுவதற்கு இவ்வளவு பாடு இல்லை. மரத்தில் கேமரா கட்டிவிட்டால் போதும். இரண்டு புலிக்கு ஒரே வரி கிடையாது. யானைக்கு வரி இல்லை. கொம்பும் காதுக் கிழிசலும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்தான். ஆனால் பெண் யானைகளுக்குக் கொம்பு இல்லை, கொம்பில்லாத ஆணான மக்னாவுக்கும் இல்லை. இங்கே உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது. பத்தடி தள்ளி நிற்கும் கூட்டம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. பல ஆண்டுகளாக நேரில் எண்ணியும், நீர்நிலையில் காத்திருந்தும், லத்திக் குவியல்களின் எண்ணிக்கையை யானையாகக் கணக்குப் பண்ணியும்தான் மதிப்பிட்டுவந்தார்கள். தமிழ்நாட்டு வனத்துறை இப்போதும் அப்படிச் செய்கிறது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரே நேரத்தில் மாநிலம் முழுக்கக் காவலர்கள் நடந்து எடுக்கும் அந்தக் கணக்கு 2024இல் 3,063 என்றது. டிஎன்ஏ கணக்கு தமிழ்நாட்டுக்கு 3,136 என்கிறது. காட்டில் நடந்த கால்களுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டாம்.

நாட்டு அளவில் அப்படிப் பொருந்தவில்லை. 2017 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 30,000. இப்போது 22,446. எட்டு ஆண்டில் ஏழாயிரத்துச் சொச்சம் யானை செத்துப்போனது என்று இதற்குப் பொருள் இல்லை. அளவுகோல் வேறு. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைத்துக் கழிக்கக்கூடாது என்று அறிக்கையே சொல்கிறது. இனி வரும் கணக்குகளுக்கு இதுதான் முதல் படி.

நான்காயிரம் யானையை அடையாளம் கண்டால் இருபத்திரண்டாயிரம் எப்படி வரும்? பாறைமேல் உட்கார்ந்து பன்னைப் பிய்த்துத் தின்றபடி இதைத்தான் கேட்டேன். ஆய்வாளர் சொன்ன விளக்கத்தை என் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். கோயில் திருவிழாவில் எத்தனை பேர் கூடியிருக்கிறார்கள் என்று தெரியவேண்டும். முதல் நாள் பந்தியில் சாப்பிட்ட நூறு பேர் கையில் மருதாணிப் பொட்டு வைக்கிறோம். மறுநாள் பந்தியிலும் நூறு பேர். அவர்களில் பத்துப் பேர் கையில் பொட்டு இருந்தால், பத்தில் ஒருவரைத்தான் முதல் நாள் பார்த்திருக்கிறோம். ஆக ஆயிரம் பேர். ஐம்பது பேர் கையில் பொட்டு இருந்தால் கூட்டமே இருநூறுதான். யானைக்குப் பொட்டு வைக்க முடியாது. அதன் டிஎன்ஏவே பொட்டு. ஒரே யானை எத்தனை இடத்தில், எத்தனை முறை மறுபடி கிடைக்கிறது என்பதிலிருந்து, கிடைக்காத யானைகளைக் கணக்கிடுகிறார்கள். உண்மையான கணக்கு இதைவிடச் சிக்கலானது. ஆனால் கரு இதுதான்.

வெயில் ஏறிவிட்டது. ஒன்பதாவது குவியல் ஒரு தனி ஆணுடையது என்று பெரியவர் சொன்னார். உருண்டை ஒவ்வொன்றும் சின்னப் பானை அளவு. "ஒத்தக் கொம்பன். இந்தப் பக்கம் சுத்துறவன்தான். எனக்கு இவன இருவது வருசமாத் தெரியும்." மதியம், ஓடை ஒன்று மாயாற்றை நோக்கி இறங்கும் இடத்தில் பதினாலாவது. அதே அளவு, அதே நீள நார், அதே மூங்கில். "இதுவும் அவன்தான் பாப்பா. ராத்திரியே இங்க வந்து தண்ணி குடிச்சிட்டு, அங்க ஏறியிருக்கான்." ஆய்வாளர் தலையாட்டினார். ஆனாலும் புதுக் கையுறை போட்டுக்கொண்டார். "அண்ணா சொன்னா பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும்" என்றார் என்னிடம், குப்பியில் எண் எழுதிக்கொண்டே.

ஓடைக்கரையில் கொஞ்சம் இளைப்பாறினோம். கீழே எங்கோ மாயாற்றின் இரைச்சல் கேட்டது. அந்த ஆற்றிலும் டிஎன்ஏ ஒரு புதிரை அவிழ்த்தது. அந்தக் கதையை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. காவிரியில் திமில் வைத்த மகசீர் என்று ஒரு பெரிய மீன் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் இருந்து தூண்டில்காரர்கள் அதைத் தேடிக் காவிரிக்கு வந்திருக்கிறார்கள். பெயரும் புகழும் இருந்தும், அறிவியலில் அது எந்த இனம் என்பது மட்டும் நிச்சயமில்லாமலே இருந்தது. அறிவியல் பெயர் உறுதியாகாத உயிரைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ப்பது கடினம். காவிரியில் பல இடங்களில் அது அருகிக்கொண்டே வந்தபோது, மாயாற்றின் காட்டுப்பகுதியில் அது உயிரோடு இருப்பதைக் கண்டார்கள். உடலமைப்பையும் டிஎன்ஏவையும் ஒப்பிட்டபோது, கேரளத்தில் காவிரியின் துணையாறான பாம்பாற்றிலிருந்து ஏற்கெனவே விவரிக்கப்பட்டிருந்த 'டோர் ரெமதேவி' என்ற மீனும் இதுவும் ஒன்றே என்று தெரிந்தது. 2018இல் அது வெளியானது. அதே ஆண்டில் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக உலகப் பட்டியலிலும் சேர்ந்தது. ஒரு மீனுக்குப் பெயர் கிடைத்ததை இவ்வளவு கொண்டாட வேண்டுமா என்று கேட்கலாம். அதைக் காப்பாற்றச் சொல்லி எழுதும் மனுவில் முதல் வரியிலேயே பெயர் வேண்டுமே.

மூன்று மாதம் கழித்து ஆய்வகத்துக்குப் போனேன். காட்டிலிருந்து எடுத்த குப்பிகள் எல்லாம் உறைபெட்டியில் வரிசையாக இருந்தன. லத்தியிலிருந்து டிஎன்ஏ பிரிப்பதற்கென்று தனி அறை. யானையின் ரத்தமோ திசுவோ அந்த அறைக்குள் வரவே கூடாது. நல்ல மாதிரியின் டிஎன்ஏ துளி பறந்து வந்து லத்தி மாதிரியில் விழுந்தால் எல்லாம் கெட்டது. ஒவ்வொரு தொகுதியோடும் எதுவுமே போடாத வெற்றுக் குப்பி ஒன்றையும் சேர்த்து ஓட்டுகிறார்கள். அதில் எதுவும் தெரியக்கூடாது. தெரிந்தால் அந்தத் தொகுதி முழுக்கக் குப்பைக்கு.

லத்தியில் கிடைக்கும் யானை டிஎன்ஏ மிகக் கொஞ்சம். அதிலும் நைந்துபோனது. பாக்டீரியாவுடையதும் தின்ற செடிகளுடையதும்தான் பெரும்பங்கு. அதில் யானையுடையதை மட்டும் பிடித்துப் பெருக்க வேண்டும். 1983இல் கேரி முல்லிஸ் கண்டுபிடித்த பிசிஆர் முறை அதைத்தான் செய்கிறது. சூடாக்கினால் இரட்டை இழை பிரிகிறது. குளிர்ந்தால் யானைக்கென்று வடிவமைத்த சிறு துண்டுகள் தங்களுக்குரிய இடத்தில் மட்டும் போய் ஒட்டுகின்றன. மறுபடி சூடேற்றினால் அங்கிருந்து புது இழை வளர்கிறது. ஒன்று இரண்டு, இரண்டு நான்கு. சதுரங்கக் கட்டத்தில் நெல்மணி வைத்த கதைதான். முப்பது சுற்றில் ஒரு இழை நூறு கோடிக்கு மேல் ஆகிறது. கருவி மேசைமேல் மிக்சி அளவுக்குத்தான் இருக்கிறது.

பெருக்கிய பிறகு எதைப் படிக்கிறார்கள்? டிஎன்ஏவில் சில இடங்களில் ஒரே எழுத்துக் கோவை திரும்பத் திரும்ப வரும். சேலைக் கரையில் ஒரே பூ வரிசையாக வருவதுபோல. ஒரு யானைக்கு அந்த இடத்தில் பன்னிரண்டு பூ. இன்னொன்றுக்குப் பதினைந்து. ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு எண்கள், தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. தேசியக் கணக்கெடுப்பில் இப்படிப் பதினோரு இடங்களைப் பார்த்தார்கள். இருபத்திரண்டு எண்கள் கொண்ட ஒரு வரிசை. நெருங்கிய உறவுகள்கூட அந்த வரிசை முழுவதும் ஒத்துப்போவது அரிது.

இதில் ஒரு கண்ணி உண்டு. நைந்த டிஎன்ஏவில் இரண்டு எண்ணில் ஒன்று சில சமயம் வெளியே வராமல் போகும். அப்போது ஒரே யானை இரண்டு யானையாகத் தெரியும். அதனால் ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். ஒரே வேலையைப் பகலெல்லாம் நான்காவது தடவையாகச் செய்துகொண்டிருந்த மாணவர் ஒருவரைப் பார்த்தேன். செய்தித்தாளில் நாம் ஒரு நொடியில் படித்துவிட்டுப் போகும் எண்ணுக்குப் பின்னால் அந்த நான்காவது தடவை இருக்கிறது.

லத்தியைப் படிக்கும் இந்த வழி புதியதில்லை. இலங்கையின் யால காட்டில் பிரித்விராஜ் பெர்னாண்டோ, ரசல் லாண்டேயோடு சேர்ந்து 2000இலேயே யானைக் கூட்டங்களின் உறவுமுறையை இப்படிப் பார்த்துவிட்டார். செல்லில் மைட்டோகாண்ட்ரியா என்றொரு பகுதி உண்டு. அதன் டிஎன்ஏ தாய்வழியாக மட்டுமே வரும். ஒரு கூட்டத்துப் பெண் யானைகள் எல்லாம் ஒரே தாய்வழி என்று அதில் தெரிந்தது. ஆண் வயதுக்கு வந்ததும் போய்விடும், மகள்கள் தாயோடு தங்கும் என்று யானை பார்த்தவர்கள் சொல்லிவந்ததற்குச் சாட்சி கிடைத்தது. ஆப்பிரிக்காவில் இதே லத்தி தந்தக் கடத்தலைத் துப்புத் துலக்கியது. பிடிபட்ட தந்தங்களின் டிஎன்ஏவை, காடு காடாகச் சேகரித்த யானை டிஎன்ஏவோடு ஒப்பிட்டு, சாமுவேல் வாசரின் குழு அவை எங்கே வேட்டையாடப்பட்டவை என்று 2015இல் சொன்னது. துறைமுகத்தில் பிடித்த சரக்கு எந்தக் காட்டின் ரத்தம் என்று முகவரி கிடைத்தது.

நீலகிரியைப் பற்றிய முடிவுதான் என்னை அதிகம் கலங்கவைத்தது. நீலகிரியும் அதைச் சுற்றிய காடுகளும் சேர்ந்தது உலகிலேயே பெரிய ஆசிய யானைக் கூட்டத்தின் வீடு. ஆனால் ராமன் சுகுமார் உள்ளிட்டோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், இங்கு எடுத்த மாதிரிகளில் ஒரே ஒரு தாய்வழி வகைதான் கிடைத்தது. எண்ணிக்கை நிறைய, வேர் ஒன்று. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, பெரியாறு யானைகள் மரபிலேயே தனி. 2024இல் முழு மரபணுத் தொகுப்பைப் படித்தவர்கள், மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே மூன்று தனிக் கூட்டங்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒன்று, அதற்கும் செங்கோட்டைக் கணவாய்க்கும் நடுவே ஒன்று, செங்கோட்டைக்குத் தெற்கே அகத்தியர்மலைப் பக்கம் ஒன்று. கடைசிக் கூட்டம்தான் மிகச் சிறியது, மரபு வளமும் மிகக் குறைந்தது. தமிழ்நாடு 2022இல் அகத்தியர்மலையை யானைகள் காப்பகமாக அறிவித்ததை இந்த முடிவோடு சேர்த்துப் படிக்கும்போது அதன் கனம் தெரிகிறது. கணவாய்கள் மிகப் பழையவை. இப்போது அவற்றின் குறுக்கே நாம் ரயிலும் நெடுஞ்சாலையும் ஊரும் வைத்திருக்கிறோம். மனிதன் போடும் புதுக் கணவாய்கள் வேறு. சீகூர் வலசைப் பாதையைக் காப்பாற்ற 2020இல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. நாங்கள் லத்தி பொறுக்கிய பாதை அதன் பக்கம்தான்.

மாலையில் ஆய்வாளர் திரையில் இரண்டு வரிசைகளைக் காட்டினார். ஒன்பதாம் எண், பதினாலாம் எண். பதினோரு இடங்களில் நான்கு இடங்கள்தான் ஒத்துப்போயின. ஏழு ஒத்துப்போகவில்லை. மூன்று முறை ஓட்டியும் அதேதான். இரண்டும் ஆண் என்பதும் தெரிந்தது. இரண்டும் ஒத்தக் கொம்பனுடையவை இல்லை. அந்த ஓடைக்கரைக்கு வந்தது வேறொரு ஆண்.

"இருபது வருசம் பார்த்தவர்கிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கிறேன்" என்றார். பிறகு அங்கேயே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அண்ணா, அன்னைக்கு எடுத்தோமே, ஒன்பதும் பதினாலும். அது ரெண்டும் ஒரே ஆனை இல்லண்ணா. ரெண்டு பேரு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கோழி கூவுவது கேட்டது.

"ரெண்டு பேரா?"

"ஆமாண்ணா. ரெண்டும் ஆண்தான். ஆனா வேற வேற."

"நல்லாப் பாத்தியா பாப்பா?"

"மூணு தடவை பாத்தாச்சுண்ணா."

மறுபடி மௌனம். பிறகு அவர் குரல் மாறியிருந்தது. ஏதோ புதுத் தடம் கண்ட குரல்.

"அப்ப பதினாலாம் நம்பர்க்காரன் எந்தப் பக்கமா மேல ஏறுறான்? ஓடைக்கு அந்தாண்ட வழி இல்லையே. நீ அந்த எடத்தோட நம்பர எனக்கு அனுப்பு. நாளைக்குக் காலையில போயிப் பாத்துட்டு வந்து சொல்றேன்."